கழிவு இழைகளைக் கொண்டு கான்கிரீட்டை வலுப்படுத்துதல்: தேர்விலிருந்து சோதனை வரை முழுமையான வழிகாட்டி

பிளாஸ்டிக் பாட்டில், தேய்ந்த டயர், கிழிந்த மீன்வலை போன்றவற்றிலிருந்து எடுத்த இழைகளைக் கான்கிரீட்டில் கலப்பது எளிது. அவ்வாறு கலந்ததால் கான்கிரீட்டுக்கு உண்மையில் பயன் கிடைக்குமாறு செய்வதுதான் கடினம். புதிதாக இந்த வேலையில் இறங்குபவர்களில் பெரும்பாலோர் கையில் கிடைத்த கழிவை வைத்துக்கொண்டு, அதை எங்கே போடலாம் என்று தேடத் தொடங்குகிறார்கள். இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். எந்த உறுப்பில், எந்த வகை விரிசலைத் தடுக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்து, அதற்குப் பொருந்தும் இழையைப் பின்னர் தேட வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையிலேயே அமைந்துள்ளன. ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படியின் முடிவைச் சார்ந்திருப்பதால், இடையில் ஒன்றைத் தாண்டிச் செல்ல வேண்டாம்.

1. இழையின் வேலை எது என்று வரையறுத்தல்

கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும் அளவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இழுவிசையைத்தான் தாங்கும். இழுவிசை அந்த எல்லையைத் தாண்டும்போது விரிசல் விழுகிறது. இழையின் முக்கியமான வேலை அந்த விரிசல் விழுந்த பிறகுதான் தொடங்குகிறது: பிளவின் இரு கரைகளையும் பிடித்துக்கொண்டு, அது அகலாமலும் நீளாமலும் தடுக்கிறது.

இதில் இரண்டு நிலைகள் உள்ளன. கான்கிரீட் ஊற்றிய முதல் சில மணி நேரத்தில், மேற்பரப்பு நீர் வேகமாக ஆவியாவதால் மெல்லிய விரிசல்கள் தோன்றும். அவற்றைக் கட்டுப்படுத்த மெல்லிய பிளாஸ்டிக் இழைகள் கன அளவில் 0.1 சதவீதம் இருந்தாலே போதும். இறுகிய கான்கிரீட் விரிசல் விட்ட பின்னும் பாரம் தாங்க வேண்டுமானால், தடித்த, நீளமான இழைகள் 0.5 முதல் 1 சதவீதம் வரை தேவைப்படும். இவ்விரண்டில் எது உங்கள் தேவை என்று இப்போதே எழுதி வையுங்கள். இழையின் வகை, நீளம், அளவு அனைத்தும் இதிலிருந்தே பிறக்கின்றன.

இழை சேர்த்தால் அழுத்த வலிமை கூடும் என்ற எதிர்பார்ப்பை விட்டுவிட வேண்டும். பிளாஸ்டிக் இழை சேர்க்கும்போது அது சற்றுக் குறையவும் செய்யலாம். தூண், உத்தரம், கூரைத் தளம், வெளியே நீட்டிய பால்கனி போன்ற உறுப்புகளில் கட்டமைப்புப் பொறியாளர் குறித்த கம்பியைக் கழிவு இழையால் மாற்றவே கூடாது. கம்பி குறித்த இடத்தில், குறித்த திசையில் நிற்கிறது. இழைகளோ எல்லாத் திசைகளிலும் சிதறிக் கிடக்கின்றன. மண்ணின் மேல் படுக்கும் தளம், நடைபாதைக் கல், ஓரக்கல், தோட்டப் பாதை, பூச்சுக் கலவை ஆகியவையே கழிவு இழைக்கு உகந்த இடங்கள்.

2. கழிவைத் தேர்ந்தெடுத்தல்

கான்கிரீட்டின் துளைகளில் உள்ள நீர் கடுமையான காரம் கொண்டது, அதன் பி.எச். மதிப்பு 12.5-க்கு மேல் இருக்கும். ஒரு கழிவுப் பொருள் எவ்வளவு உறுதியாகத் தெரிந்தாலும், அந்தக் காரத்தில் பல ஆண்டுகள் கிடந்து தாக்குப்பிடிக்குமா என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

குடிநீர், குளிர்பானப் பாட்டில்களின் பெட் பிளாஸ்டிக் எளிதில் கிடைக்கிறது. இழுவிசையும் போதுமான அளவு தாங்குகிறது. ஆனால் அது பாலியெஸ்டர் இனத்தைச் சேர்ந்தது என்பதால் காரம் அதை மெல்ல அரிக்கும். தொடக்க கால விரிசல்களைத் தடுக்கவும், சாதாரணத் தளங்களுக்கும் இது ஏற்றது. நெடுங்காலம் பாரம் தாங்குவதற்கு இதை நம்புவது சரியல்ல.

சாக்கு, கயிறு, கட்டும் பட்டை ஆகியவற்றில் காணப்படும் பாலிபுரொப்பிலீன் காரத்தால் பாதிக்கப்படுவதில்லை. ஆனால் வெயிலில் நெடுநாள் கிடந்த சாக்கும் கயிறும் ஏற்கெனவே நொறுங்கும் நிலையை அடைந்திருக்கும். ஓர் இழையை விரல்களுக்கிடையே முறுக்கிப் பாருங்கள். தூளாக உதிர்ந்தால் அந்தக் குவியல் முழுவதையும் ஒதுக்கிவிடுங்கள். மீன்வலையின் நைலானும் காரத்தை நன்கு தாங்கும்.

விரிசலுக்குப் பின் பாரம் தாங்க வேண்டிய இடத்துக்கு டயரிலிருந்து பிரித்த எஃகு இழையே என் முதல் தேர்வு. அதன் இழுவலிமை மிக உயர்ந்தது. சிமெண்டின் காரம் எஃகை அரிப்பதற்குப் பதிலாகத் துருவிலிருந்து காக்கிறது. டயரை எரித்து எடுத்த கம்பியை மட்டும் வாங்காதீர்கள். அந்தப் புகை நச்சு என்பதோடு, நெருப்பின் வெப்பம் எஃகின் பதத்தையும் தளர்த்திவிடும். இயந்திரத்தில் துண்டாக்கி, காந்தத்தால் பிரித்தெடுத்ததே வேண்டும்.

இரண்டு பொருள்களைத் தொடவே கூடாது. குளிர்பான டப்பாக்களின் அலுமினியம் ஈரமான சிமெண்டுடன் வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். கான்கிரீட் உப்பி, உள்ளே துளைகள் நிறைந்துவிடும். சாதாரணக் கண்ணாடி இழையைக் காரம் தின்றுவிடும். சிர்கோனியா சேர்த்துத் தயாரித்த, காரம் தாங்கும் கண்ணாடி இழை மட்டுமே கான்கிரீட்டுக்குரியது. கழிவுக் குவியலில் கிடைப்பது பெரும்பாலும் அதுவாக இருப்பதில்லை.

3. முன்கூட்டியே தயாராக வேண்டியவை

கிராம் துல்லியம் காட்டும் தராசு, சல்லடைகள், கலவையின் இளக்கத்தை அளக்கும் ஸ்லம்ப் கூம்பு, ஒவ்வொரு கலவைக்கும் 150 மில்லிமீட்டர் க்யூப் அச்சுகள் மூன்று, 100 × 100 × 350 மில்லிமீட்டர் உத்தர அச்சுகள் மூன்று, சுழலும் டிரம் கொண்ட கலவை இயந்திரம், அதிர்வு மேசை அல்லது அச்சின் வெளிப்புறத்தில் பொருத்தும் வைப்ரேட்டர், நீரைக் கூட்டாமலே கலவையை இளக்கும் சூப்பர் பிளாஸ்டிசைசர் ஆகியவை தேவை. ரப்பர் கையுறையும் கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம் அணிய வேண்டும். டயர் எஃகைக் கையாளும்போது ரப்பர் கையுறையின் மேல் தோல் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். அதன் நுனிகள் ஊசியாகக் குத்தும்.

4. சுத்தம் செய்தல்

புதியவர்கள் மிகக் குறைவாக மதிக்கும் படி இதுதான். பாட்டிலின் அடியில் ஒட்டிக் காய்ந்த குளிர்பானத்தில் சர்க்கரை இருக்கிறது. சிமெண்டின் எடையில் 0.05 சதவீதம் சர்க்கரை கலந்தாலே கான்கிரீட் இறுகும் நேரம் மணிக்கணக்கில் தள்ளிப்போகும். கலவை ஏன் மறுநாளும் இறுகவில்லை என்று சிமெண்டின் மேல் பழிபோடுவதற்கு முன், பாட்டில்களை எப்படிக் கழுவினோம் என்று பார்க்க வேண்டும்.

லேபிளையும் மூடியையும் அகற்றி, சலவை சோடா கலந்த வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, பசையைத் தேய்த்து எடுத்து, நல்ல நீரில் இருமுறை அலசி, நிழலில் முழுவதுமாக உலர்த்துங்கள். எண்ணெய் இருந்த பாட்டில்களைத் தனியே ஒதுக்குங்கள். எண்ணெய்ப் படலம் சிறிதளவு தங்கினாலும் சிமெண்ட் இழையைப் பற்றாது.

மீன்வலையில் கடலுப்பு இருக்கும். உப்பிலுள்ள குளோரைடு அருகிலிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் என்பதால், வலையை நன்னீரில் ஊறவைத்து, நீரைப் பலமுறை மாற்ற வேண்டும். டயர் எஃகை நீரில் கழுவ வேண்டாம். அதில் ஒட்டியிருக்கும் ரப்பர் துகள்களையும் பஞ்சையும் சலித்தும் ஊதியும் அகற்றுங்கள்.

5. வெட்டுதல், சலித்தல்

இழையின் நீளம், கலவையில் உள்ள மிகப் பெரிய ஜல்லியைப் போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். குட்டையான இழை இரண்டு ஜல்லிகளுக்கிடையே அடங்கிவிடும். ஜல்லியைச் சுற்றிச் செல்லும் விரிசலைக் குறுக்காகப் பிடிக்காது. ஆகவே 10 அல்லது 12 மில்லிமீட்டர் ஜல்லியைத் தேர்ந்தெடுத்து, 30 முதல் 40 மில்லிமீட்டர் நீளத்துக்கு இழையை வெட்டுவது நல்லது. இதற்கு மேல் நீண்டால் இழைகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும்.

பெட் பாட்டிலின் கழுத்தையும் அடியையும் நீக்கிவிட்டு, நடு உடலை மட்டும் பயன்படுத்துங்கள். மற்ற பகுதிகளின் தடிப்பு சீராக இருக்காது. பட்டைகளைப் பாட்டிலின் நீளவாக்கில் 2 மில்லிமீட்டர் அகலத்தில் வெட்டுங்கள். சுற்றுவாக்கில் வெட்டிய பட்டை சுருண்டே நின்று, பக்கத்துப் பட்டைகளைக் கொளுவி இழுக்கும். பாட்டிலின் மேற்பரப்பு வழுவழுப்பானது என்பதால், வெட்டுவதற்கு முன் இருபுறமும் உப்புத்தாளால் குறுக்காகத் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் பட்டை அறுபடாமல் கான்கிரீட்டிலிருந்து உருவிக்கொண்டு வரும். அதன் வலிமை முழுவதும் பயனற்றுப் போகும்.

டயர் எஃகு ஒரே நீளத்தில் கிடைப்பதில்லை. பொடியாக நறுங்கியவற்றையும் மிக நீண்டு சுருண்டவற்றையும் சல்லடையில் நீக்கி, நடுத்தரமானவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு கைப்பிடி எடுத்து வெள்ளைத் தாளில் பரப்பி, ஐம்பது இழைகளை அளந்து, சராசரி நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மூட்டை வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க இந்த ஒரு எண் போதும்.

6. அளவைக் கணக்கிடுதல்

இழையின் அளவு எப்போதும் கன அளவில் சொல்லப்படுகிறது. தராசோ எடையைக் காட்டுகிறது. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் மிகப் பெரிய பிழைகள் நேர்கின்றன. ஒரு கன மீட்டர் கான்கிரீட்டில் 0.5 சதவீதம் என்பது 5 லிட்டர் இழை. பாலிபுரொப்பிலீன் லிட்டருக்கு 0.91 கிலோ, நைலான் 1.14 கிலோ, பெட் 1.38 கிலோ, எஃகு 7.85 கிலோ எடை கொண்டவை. அதன்படி 5 லிட்டர் பெட் 6.9 கிலோ, 5 லிட்டர் எஃகு 39.25 கிலோ. எஃகுக்குச் சொன்ன எடையைப் பிளாஸ்டிக்குக்கு அப்படியே எடுத்துக்கொண்டால், கலவை முழுவதும் பிளாஸ்டிக்காகவே தோன்றும்.

பெட் பட்டைகளை முதல் முயற்சியில் 0.5 சதவீதத்துக்கு மேல் போட வேண்டாம். தட்டையான பட்டைகள் அதிகமாகும்போது, அவற்றின் அடியில் காற்றும் நீரும் தேங்கி வலிமை குறைகிறது.

7. கலவை விகிதம்

சிமெண்ட் தயாரிப்பு உலகின் கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 8 சதவீதத்துக்குக் காரணமாகிறது. எனவே இழை சேர்த்ததால் கெட்டியான கலவையை இளக்க நீர் ஊற்றி, அதனால் இழந்த வலிமையை ஈடுகட்டச் சிமெண்டைக் கூட்டினால், கழிவைப் பயன்படுத்தியதால் வந்த நன்மை முழுவதும் அங்கேயே கரைந்துவிடும். சிமெண்டின் அளவு கூடாமல், முடிந்தால் குறையும்படி கலவையை அமைப்பதில்தான் இந்த வேலையின் நேர்மை இருக்கிறது.

தொடங்குவதற்கு ஏற்ற ஒரு விகிதம் இது. ஒரு கன மீட்டருக்குச் சிமெண்ட் 270 கிலோ, ஃபிளை ஆஷ் 90 கிலோ, நீர் 162 கிலோ, மணல் 820 கிலோ, ஜல்லி 1000 கிலோ. அனல்மின் நிலையக் கழிவான ஃபிளை ஆஷ் கலவையை இளகச் செய்வதோடு, கான்கிரீட்டின் காரத்தையும் ஓரளவு குறைக்கிறது. பெட் இழைக்கு இது துணைபுரியும். மணலின் பங்கு வழக்கத்தைவிடச் சற்று அதிகமாக இருப்பதற்கும் காரணம் உண்டு: இழைகளின் மேற்பரப்பை மூடுவதற்குக் கூடுதல் சாந்து தேவைப்படுகிறது.

சோதனைக்கு 25 லிட்டர் கலவை போதும். சிமெண்ட் 6.75 கிலோ, ஃபிளை ஆஷ் 2.25 கிலோ, நீர் 4.05 கிலோ, மணல் 20.5 கிலோ, ஜல்லி 25 கிலோ எடுங்கள். 0.5 சதவீதத்துக்குப் பெட் எனில் ஏறத்தாழ 173 கிராம், எஃகு எனில் 980 கிராம். மணலும் ஜல்லியும் மேற்பரப்பு மட்டும் உலர்ந்த நிலையில் இருக்கின்றன என்று கொண்டு இந்த நீரளவு சொல்லப்பட்டுள்ளது. மணல் ஈரமாக இருந்தால் அந்த ஈரத்தின் எடையை நீரிலிருந்து கழித்துவிடுங்கள்.

இதே விகிதத்தில் இழை இல்லாத கலவையையும் அதே நாளில் தயாரிக்க வேண்டும். ஒப்பிட ஒன்று இல்லாமல், இழை என்ன செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இடித்த கான்கிரீட்டிலிருந்து எடுத்த ஜல்லியையும் பயன்படுத்த விரும்புவோர், இழைக் கலவை நிலைபெற்ற பிறகு தனியாக அதை முயலுங்கள். அந்த ஜல்லி நீரை மிகுதியாக உறிஞ்சும் என்பதால் முன்கூட்டியே நனைத்து வைக்க வேண்டும். அதற்கெனத் தனிச் சோதனையும் வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால், தவறு எதனால் வந்தது என்று தெரியாமல் போகும்.

8. கலக்கும் வரிசை

இழையை வெறும் டிரம்மில் முதலில் கொட்டக் கூடாது. அடியில் கிடக்கும் இழைகள் சுழற்சியில் ஒன்றையொன்று பின்னிப் பறவைக்கூடு போலத் திரண்டுவிடும். ஒருமுறை திரண்ட உருண்டை எவ்வளவு நேரம் சுழற்றினாலும் பிரியாது.

முதலில் ஜல்லி, மணலுடன் நீரில் பாதியை ஊற்றி அரை நிமிடம் சுழற்றுங்கள். அடுத்துச் சிமெண்ட்டும் ஃபிளை ஆஷும் சேர்த்து, மீதி நீரையும் சூப்பர் பிளாஸ்டிசைசரையும் ஊற்றி, சீரான குழைவு வரும்வரை இரண்டு மூன்று நிமிடங்கள் கலக்குங்கள். இந்த நிலையில் கலவை வழக்கத்தைவிடச் சற்று இளக்கமாக இருக்க வேண்டும், ஏனெனில் இழை விழுந்ததும் அது கெட்டிப்படும்.

இப்போது டிரம் சுழன்றுகொண்டிருக்கும்போதே, அகன்ற கண்ணுள்ள சல்லடை ஒன்றை வாய்க்கு நேராகப் பிடித்து, அதன் வழியாக இழையைத் தூவுங்கள். 173 கிராம் பெட் பட்டையைத் தூவவே ஓரிரு நிமிடங்கள் ஆக வேண்டும். கலவையின் ஒரே இடத்தில் விழாமல், ஒவ்வொரு சுற்றிலும் புதிய மேற்பரப்பில் விழுமாறு கையை நகர்த்துங்கள். தூவி முடித்த பின் ஒரு நிமிடத்துக்கு மேல் சுழற்ற வேண்டாம். மிகையான கலப்பு எஃகு இழைகளை வளைத்து மீண்டும் திரளச் செய்யும்.

ஸ்லம்ப் கூம்பில் பார்த்தால் கலவை சரியாமல் நிற்கும். இதைப் பார்த்ததும் குவளையில் நீரை எடுக்கும் பழக்கம் பலருக்கும் உண்டு. இழைகள் கலவையைத் தாங்கிப் பிடிப்பதால் ஸ்லம்ப் குறைந்து காட்டுகிறதே தவிர, அதிர்வு கொடுத்ததும் அதே கலவை நன்றாக ஓடும். ஒரு கரண்டி கலவையை அதிர்வு மேசையில் வைத்துப் பாருங்கள். ஓடினால் அப்படியே ஊற்றுங்கள், ஓடாவிட்டால் சூப்பர் பிளாஸ்டிசைசரைச் சிறிது கூட்டுங்கள், நீரைத் தொடாதீர்கள்.

இழை சீராகப் பரவியதா என்பதை அறிய, கொட்டும்போது தொடக்கம், நடு, இறுதி ஆகிய மூன்று இடங்களிலிருந்து ஒரே அளவு கலவையை எடுத்து, சல்லடையில் வைத்து நீரால் கழுவி, இழைகளைப் பொறுக்கி உலர்த்தி எடைபோடுங்கள். எஃகு எனில் காந்தமே போதும். மூன்று எடைகளுக்குமிடையே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேறுபாடு இருந்தால், தூவும் வேகத்தைக் குறைத்து மீண்டும் கலக்க வேண்டும்.

9. ஊற்றுதல், அதிர்வு கொடுத்தல், மட்டப்படுத்துதல்

இடையில் நிறுத்தாமல் ஒரே தொடர்ச்சியாக ஊற்றுங்கள். முதல் அடுக்கு இறுகிய பின் அடுத்ததை ஊற்றினால், இரண்டுக்கும் நடுவே இழையே குறுக்கிடாத ஒரு தளம் உண்டாகி, விரிசல் அதன் வழியாகவே ஓடும்.

கலவைக்குள் செருகும் ஊசி வைப்ரேட்டரைத் தவிர்த்து, வெளியிலிருந்து அதிர்வு கொடுங்கள். ஊசியை உருவிய இடத்தில் சாந்து மட்டும் நிரம்பி, இழை இல்லாத குழி ஒன்று தங்கிவிடும். அதிர்வு நேரமும் அளவோடு இருக்க வேண்டும். மிகுந்தால் பாலிபுரொப்பிலீன் மேலே மிதந்து வரும். எஃகு அடியில் இறங்கும். மேற்பரப்பில் காற்றுக் குமிழ்கள் வருவது நின்றவுடன் நிறுத்திவிடுங்கள்.

மேலே துருத்தி நிற்கும் இழைகளை மட்டப்பலகையால் அழுத்தி உள்ளே தள்ள வேண்டும். இழுத்துத் தேய்த்தால் அவை மேலும் வெளியே வரும். வெறுங்காலுடன் நடக்கும் தளத்தில் டயர் எஃகு போட்டிருந்தால், இழையில்லாத சாந்துப் பூச்சு ஒன்றை மேலே கொடுப்பது அவசியம். தேய்மானம் அதிகமுள்ள பரப்பில் பிளாஸ்டிக் இழைக்கும் இதையே செய்ய வேண்டும். இல்லாவிட்டால் தேய்ந்து உதிரும் பிளாஸ்டிக் துகள்கள் மழைநீரோடு மண்ணையும் நீர்நிலைகளையும் சேரும். கழிவை அடக்கி வைப்பதற்காகச் செய்யும் வேலை அதையே பொடியாக்கிப் பரப்பிவிடக் கூடாது.

10. க்யூரிங் (ஈரமாக வைத்து வலுப்பெறச் செய்தல்)

ஃபிளை ஆஷ் சேர்த்த கான்கிரீட் மெதுவாக வலிமை பெறுகிறது. ஆகவே ஏழு நாட்களோடு நிறுத்தாமல், 14 நாட்கள் ஈரச் சாக்கால் மூடி வையுங்கள். இடையில் ஒரு நாள் காயவிட்டு மீண்டும் நனைப்பது தொடர்ந்து ஈரமாக வைப்பதற்கு ஈடாகாது.

11. சோதித்தல்

28-ஆம் நாள் க்யூபுகளை அழுத்திப் பார்ப்பது வழக்கமான சோதனை. ஆனால் இழையின் பயன் க்யூபில் தெரியாது. வளைவுச் சோதனையில்தான் தெரியும். இதற்கு ஏ.எஸ்.டி.எம். சி1609 என்ற அமெரிக்கத் தரமுறை உண்டு. 100 × 100 × 350 மில்லிமீட்டர் உத்தரத்தை 300 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள இரு தாங்கிகளில் வைத்து, அந்த இடைவெளியை மூன்றாகப் பிரிக்கும் இரு புள்ளிகளில் பாரம் ஏற்ற வேண்டும்.

ஆய்வுக்கூட வசதி இல்லாதவர்கள் எடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்க்க முனைவதுண்டு. இந்த அளவுள்ள உத்தரம் முறிய ஒரு டன்னுக்கு மேல் பாரம் தேவைப்படலாம் என்பதால் அது ஆபத்தானது. தவிர, விரிசல் விழுந்ததும் முழு எடையும் ஒரேயடியாக இறங்கிவிடுவதால் இழையின் வேலையையும் பார்க்க முடியாது. உறுதியான சட்டத்துக்குள் திருகு ஜாக்கியை வைத்து மெல்லத் திருகினால், இழையில்லாத உத்தரம் சட்டென இரண்டாக உடைவதையும், இழையுள்ளது விரிசலோடு பாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதையும் தெளிவாகக் காணலாம். இது ஒப்பிட்டுப் பார்க்க உதவும். வடிவமைப்புக்கு வேண்டிய எண்களை ஆய்வுக்கூடத்திலிருந்தே பெற வேண்டும்.

முறிந்த முகத்தைத் தவறாமல் உற்றுப் பாருங்கள். இழைகள் அறுபடாமல் நீட்டிக்கொண்டு, அவை இருந்த பள்ளங்கள் வழுவழுப்பாகத் தெரிந்தால், பற்று போதவில்லை. பட்டையை இன்னும் சொரசொரப்பாக்க வேண்டும். எல்லா இழைகளும் முகத்தோடு அறுந்திருந்தால், பற்று மிகையாகவும் இழை வலுவற்றதாகவும் உள்ளது என்று பொருள். தடித்த இழைக்கு மாறுங்கள். ஒரு மூலையில் கொத்தாகவும் மறு மூலையில் வெறுமையாகவும் இருந்தால், எட்டாம் படிக்குத் திரும்புங்கள். எஃகு இழையைச் சுற்றிக் கறுப்பு வளையம் தெரிந்தால் ரப்பர் சரியாக நீங்கவில்லை.

12. பதிவும் மீந்த பொருளும்

கழிவு ஒவ்வொரு முறையும் ஒரே தன்மையுடன் வருவதில்லை. ஆகவே ஒவ்வொரு கலவைக்கும் இழை வந்த இடம், சராசரி நீளம், எடை, சூப்பர் பிளாஸ்டிசைசரின் அளவு, சோதனை முடிவு ஆகியவற்றை எழுதி வையுங்கள். இழையின் மூலம் மாறினால் 25 லிட்டர் சோதனையை மீண்டும் செய்யாமல் பெரிய வேலைக்குப் போகாதீர்கள்.

வெட்டும்போது உதிர்ந்த பிளாஸ்டிக் துண்டுகளைத் தரையில் விடாமல் துடைத்து எடுத்து மறுசுழற்சிக்கே அனுப்புங்கள். சோதனையில் உடைந்த மாதிரிகளையும் வகை பிரித்து வையுங்கள். எஃகு இழை உள்ளவற்றை நொறுக்கிக் காந்தத்தால் இழையைப் பிரித்து, ஜல்லியாக மீண்டும் பயன்படுத்த முடியும். பிளாஸ்டிக் இழை உள்ளவற்றை அவ்வளவு சுத்தமாகப் பிரிக்க இயலாது என்பதால், அவற்றின் மேல் இழையின் பெயரை எழுதித் தனியே அடுக்குங்கள்.